மயில் கேட் போட்ட வீடு

1. ஒரே மாடிப்படி

லொகேஷன் மேனேஜராக நான் வேலை பார்த்த முதல் க்ரைம் சீரியல் 2005-இல் சென்னையில் எடுத்தது. எல்லாக் கொலைக்கும் ஒரே பங்களாதான். இந்த வாரம் வைர வியாபாரி உருண்டு விழுந்த மாடிப்படியில் அடுத்த வாரம் டாக்டர் உருண்டு விழுவார். திரைச்சீலையையும் சோபா உறையையும் மாற்றினால் வேறு வீடு. பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துக் கேலி செய்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அந்தப் பங்களாவில் யாரும் குடியிருக்கவில்லை என்பதன் அருமை அப்போது தெரியவில்லை.

இரண்டாவது சீரியல் 2009-இல். கதை கடலூரில் நடக்கிறது. டைரக்டர் என்னைவிட வயதில் சின்னவர், நிஜமான இடம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். துறைமுகத்தையும் கோர்ட் வாசலையும் கடலூரிலேயே எடுத்தோம். கொலை நடக்கும் வீட்டை மட்டும் சிதம்பரத்தில் பிடித்தேன். கதை எந்த ஊரோ அந்த ஊரில் கொலை வீட்டை எடுக்காதே என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். பெயர்ப் பலகையைக் கழற்றி, கதவு எண்ணையும் மறைத்துவிட்டால் வேலை சுத்தம் என்று நினைத்தேன்.

ஆறு மாதம் கடலூர் லாட்ஜில் ஒற்றை அறையில் இருந்தேன். அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டித் திறக்க வைப்பதுதான் என் பிழைப்பு. என் வீடோ சென்னையில் பூட்டிக் கிடந்தது. திறந்து வைக்க அங்கே ஆள் இல்லை.

2. சிரிப்பு ஷாட்

சிதம்பரம் வீட்டுக்காரர் குணசுந்தரி டீச்சர், ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் கிடையாது. மாடியில் நர்சிங் படிக்கும் பெண்கள் இரண்டு பேர் வாடகைக்கு இருந்தார்கள். சாயங்காலம் மூவரும் சேர்ந்துதான் டீ குடிப்பார்கள். வாசலில் இரும்பு மயில் வைத்த கேட், கணவர் சொல்லிச் செய்தது. டைரக்டருக்கு அந்த மயில் ரொம்பப் பிடித்துவிட்டது.

எட்டு நாள் ஷூட்டிங். பிணமாக நடித்தவர் தன் காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். செத்ததாக நடித்தவரைச் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுத்துவிட்டுத்தான் அனுப்புவோம். இல்லாவிட்டால் ஆகாது என்பது நம்பிக்கை. டீச்சர் அதைப் பார்த்துக் கைதட்டினார். மறுநாள் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

3. மூன்றாவது டம்ளர்

சீரியல் ஓட ஆரம்பித்த மூன்றாம் வாரம் டீச்சர் போன் செய்து வரச் சொன்னார். போனால் மாடி காலி. பெண்ணாடத்திலிருந்து ஒரு பெண்ணின் அப்பா வந்து பெட்டியோடு அழைத்துப் போய்விட்டாராம். மற்றவளும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். தினமும் டைட்டிலிலேயே மயில் வந்ததால் ஷேர் ஆட்டோக்காரர்களுக்குக்கூட அது கொலை வீடாகிவிட்டது. வீடு கேட்டு வந்தவர்கள் கேட்டைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள். கதவு எண்ணை மறைக்கத் தெரிந்த எனக்குக் கேட்டை மறைக்கத் தோன்றவில்லை.

டீச்சர் சண்டை போடவில்லை. டீ போட்டார். பழக்கத்தில் மூன்று டம்ளர் எடுத்தவர், ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

"செத்தவர எழுப்பி சிரிக்க வெச்சிங்களே தம்பி, வூட்ட மட்டும் அப்பிடியே செத்ததாவே வுட்டுட்டுப் போயிட்டிங்க."

டீயைக் குடித்துவிட்டு நேரே கடலூருக்குத் திரும்பினேன்.

அந்த வீட்டில் ஒரு வளைகாப்பு சீன் எடுங்கள், ஊர் மறந்துவிடும் என்று டைரக்டரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் தொழில் பேசினார்.

"கொலை நடந்த வீட்ல வளைகாப்பு வெச்சா கண்டினியூட்டி அடிபடும்ணே."

கேமராமேனைக் கெஞ்சி, ஷூட்டிங் இல்லாத ஒரு காலையில் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனேன். டிவியில் வராது, வீட்டுக்கும் அந்தச் சிரிப்பு ஷாட்டை எடுத்துவிடலாம் என்று டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பட்டுப்புடவை கட்டி, பெரிதாகக் கோலம் போட்டு வைத்திருந்தார். மயிலின் மேல் கை வைத்து நின்றார். கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னேன். சிரிப்பு உதடு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. தெருவில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

"யாரப் பாத்து சிரிக்கறது தம்பி?"

கேமராமேன் கேமராவை நிறுத்தினார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வீடு பார்க்கப் போனால் சுவரையும் வெளிச்சத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். அங்கே யார் யாரோடு டீ குடிக்கிறார்கள் என்று கேளுங்கள். நாம் கிளம்பிய பிறகும் அவர்கள் அங்கேதான் இருக்கப்போகிறார்கள்.

2012-இல் நான் வேலையை விட்டேன். அதுவரை அந்த மாடிக்கு யாரும் குடிவரவில்லை. கடலூர்ப் பக்கம் வேலை வந்தபோதெல்லாம் சிதம்பரம் போய் டீச்சரோடு டீ குடித்தேன். இரண்டு டம்ளர்தான் எடுப்பார். கிளம்பும்போது அந்தக் கேட்டை நான்தான் வெளியிலிருந்து சாத்திவிட்டு வருவேன்.