கோந்து போடாத அணு

திருகாணியைக் கடைசிவரை முடுக்கிவிட்டு, அரைச் சுற்றுத் தளர்த்துகிறார் அமோஸ் கிளெக். அவர் செய்யும் எந்த அணுவிலும் கோந்து கிடையாது. "ஒட்டிட்டா பிரிக்கிறப்ப மரம் பிஞ்சுடும். இந்தப் பேராசிரியருங்க எப்ப மனசு மாறுவாங்கன்னு யாரு கண்டா?" என்பார்.

மான்செஸ்டரில், எங்கள் பௌதிகக் கூடத்தின் நிலவறையில், முப்பத்து நான்கு ஆண்டுகளாக விரிவுரைகளுக்கு மாதிரிகள் செய்கிறார். பழுப்புக் கோட்டு, காதில் பென்சில். நான் மாடியில் ஆய்வு உதவியாளன்; தேநீருக்கு மட்டும் கீழே இறங்குவேன்.

அவர் சேர்ந்தபோது அணு சுலபம். எலுமிச்சை அளவு மர உருண்டை, மேலே வார்னிஷ். "உள்ள என்ன இருக்குன்னு கேட்டேன். உள்ளன்னே ஒண்ணு கிடையாதுன்னாங்க." பத்து வருஷத்தில் உள்ளே சரக்கு இருப்பது தெரிந்தது. திராட்சை பதித்த கிறிஸ்துமஸ் புட்டிங் மாதிரி என்றார் அப்போதைய பேராசிரியர். கிளெக் மரத்தை வீணாக்கவில்லை. மனைவி எட்னாவை நிஜப் புட்டிங்கே செய்யச் சொல்லி மேசையில் வைத்தார். விரிவுரை முடிவதற்குள் முன்வரிசை அதைத் தின்று தீர்த்தது. "அணுவை முதல்ல பிளந்தது நம்ம மாணவங்கதான். கரண்டியால."

அடுத்து வந்தவர், அணு பெரும்பாலும் வெற்றிடம், நடுவில் மிகச்சிறிய கரு என்றார். கிளெக் விகிதம் கேட்டுக் குறித்துக்கொண்டார். மறுநாள் மேசையில் ஒரு பட்டாணி மட்டும் இருந்தது.

"எலக்ட்ரான் எங்கே, கிளெக்?"

"டிராம் நிறுத்தத்துக் கம்பத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்கேன் சார். கால் மைல்தான்."

"மேசைமேல இருக்கணும்யா!"

"பொய் சொல்லணும்னா சொல்லுங்க, செஞ்சுடறேன்."

பித்தளை வளையங்களில் மணிகள் ஓடும் அந்த அழகான பொய்யைப் பதினைந்து வருஷமாக எல்லோரும் பயபக்தியுடன் வரைந்துகொள்கிறார்கள். பீடத்தின் அடியில் 'அளவு தவறு – அ.கி.' என்று கிளெக் செதுக்கியிருக்கிறார். இதுவரை யாரும் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

இப்போது இருப்பவர் பேராசிரியர் பெல்லிங், முப்பது வயது. வளையங்கள் காலாவதி என்கிறார். எலக்ட்ரான் இன்ன இடத்தில் இருப்பதாகவே சொல்ல முடியாதாம். கருவைச் சுற்றி மூட்டம் மாதிரியாம்.

"திங்கட்கிழமை அது வேணும், கிளெக். முடியலைன்னா பட்டறையை மூடிட்டுத் திரையில படம் காட்டற படவிளக்கு வாங்கிக்கறோம். கொதிகலன் அறையில உங்களுக்கு வேலை இருக்கு."

கிளெக் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பஞ்சு சுற்றிப் பார்த்தார். பருத்தி ஆலைகள் நிறைந்த எங்கள் ஊரில் அதற்குக் குறைவில்லை. பெல்லிங் உதட்டைப் பிதுக்கினார். "பஞ்சுக்கு ஓரம் இருக்கே. அணுவுக்கு ஓரம் கிடையாது."

"ஓரமே இல்லாததுல எங்க சார் திருகாணி போடுவேன்?"

திங்கள் காலை நல்ல குளிர். மேசைமேல், பீடத்தில், பழைய பட்டாணி. கிளெக் ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் மறுகையில் கடிகாரம் மூடும் கண்ணாடிக் கூண்டுமாக வந்தார். சூடாக ஒரு மிடறு குடித்தார். கூண்டுக்குள் நீளமாக மூச்சை ஊதி, பட்டாணிமேல் கவிழ்த்தார். கண்ணாடியில் மூட்டம் படிந்தது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தெரியாமல்.

பெல்லிங் குனிந்து பார்த்தார். மூட்டத்தின் ஓரத்தை விரலால் தேடினார்.

"சீக்கிரம் வரைஞ்சுக்கங்கப்பா," என்றார் கிளெக் மாணவர்களிடம். "இதுவும் போயிடும்."

மூட்டம் விலகிப் பட்டாணி மறுபடி தெரிந்தது. பெல்லிங் நிமிர்ந்தார். "படவிளக்கு இப்போதைக்கு வேணாம். சாயங்காலம் இன்னொரு வகுப்பு இருக்கு, கிளெக். வந்துடுவீங்கல்ல?"

கிளெக் கூண்டைக் கோட்டு நுனியால் துடைத்தார். பிறகு பட்டாணிப் பீடத்தின் திருகாணியைத் தேடிப் பிடித்து, அரைச் சுற்றுத் தளர்த்தினார்.