பொன்னுத்தாய் சொன்ன அக்கா

குளத்தூர்ப் பக்கம் அந்தக் குடும்பத்தில் பொன்னுத்தாய்க்குத் தெரியாமல் ஒரு மூட்டை நெல்கூட வாசல் தாண்டாது. இளையவன் திருமுருகனுக்கு வாழ்க்கைப்பட்டவள்தான். மூத்தவன் சேவுகன் கல்யாணம் வேண்டாமென்று சிங்கப்பூரிலேயே இருந்துவிட்டதால், மாமியார் படுக்கையில் கிடந்தபோது பார்த்துக்கொண்டதும் அவள், வயலில் போர்க் கிணறு போட ஆள் பிடித்ததும் அவள். மாசியில் குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைக்க முதல் அடுப்பு பற்றவைப்பதும் அவள்தான். அது மூத்த மருமகளின் உரிமை.

நாற்பதைத் தாண்டிய சேவுகன் போன தையில் சுகுணாவைக் கட்டிக்கொண்டு வந்தான். பொன்னுத்தாயைவிட அவள் ஏழெட்டு வயது சின்னவள். ஆனால் முறைப்படி பொன்னுத்தாய்தான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். வாய் வரவில்லை. "சாப்பாடு ஆச்சு", "தண்ணி வருது" என்று மொட்டையாகவே பேசினாள். சுகுணாவோ வயதைப் பார்த்து அவளையே அக்கா என்றாள்.

"ஒங்க அக்காவ எங்க காணோம்?" என்று தெருப் பெண்கள் சீண்டினார்கள். பொன்னுத்தாய் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

மாசி வந்தது. கோயிலில் பானைகள் வரிசையாக இருந்தன. பூசாரி அய்யப்பன் சூடத்தட்டை நீட்டி, "மூத்த மருமக வாங்க" என்றார்.

சுகுணா நகரவில்லை. "அக்காவே பத்த வைக்கட்டும். இத்தன வருசமா அவுகதான பாத்தாக" என்றாள்.

பங்காளிகள் எல்லோரும் பொன்னுத்தாயைப் பார்த்தார்கள். ஓரடி எடுத்து வைத்தால் போதும், அடுப்பு மறுபடி அவளுடையது. ஆனால் நேற்று வந்தவள் விட்டுக்கொடுத்துத் தனக்கு ஒரு மரியாதை வர வேண்டுமா? இந்த வீட்டில் கொடுத்துத்தான் அவளுக்குப் பழக்கம்.

"அக்கா," என்றாள், கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "நீங்கதான் பத்த வைக்கணும். காத்து தெக்க இருந்து வருது. இங்கிட்டு வந்து நில்லுங்க, பொகை அடிக்காது."

"சரிக்கா" என்று சுகுணா வந்தாள். ஓலை சடசடவென்று பிடித்துக்கொண்டது.

பெரிய மாமனார் மலையாண்டி சிரித்தார். "அவ இவள அக்காங்கிறா, இவ அவள அக்காங்கிறா. அப்ப தங்கச்சி யாருத்தா?"

"எங்க வீட்டுல தங்கச்சியே கெடையாது மாமா," என்றாள் பொன்னுத்தாய். "ரெண்டு பேருமே மூத்தவதான்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு தன் பானையை இரண்டாவது அடுப்பில் ஏற்றினாள்.