வாய்க்காலில் ஊறிய மோட்டார் சக்கரம்

சண்டைக் காலத்தில் மோட்டாருக்கு உதிரிபாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கம்பத்து ஏலக்காய் வியாபாரி ஒருவர், எஸ்டேட் துரை விட்டுப்போன பழைய காரை வாங்கி, மாடு கட்டி இழுத்துக்கொண்டு கூடலூரில் என் பட்டறைக்கு வந்தார். இன்ஜினைப் பார்க்க மதுரையிலிருந்து மெக்கானிக் ஒருவன் வந்தான். நான்கு சக்கரமும் மரம். ஆரக்கால்களைக் கரையான் தின்றிருந்தது. அதைச் சரிசெய்வது என் பாடு.

நான் மாட்டுவண்டி ஆசாரி. மோட்டார் வேலை தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கார் ஓடினால் அதை ஓட்டும் வேலை என் தங்கை புருஷனுக்கு என்று பேச்சாகியிருந்தது. கல்யாணமாகி மூன்று வருஷம் நிலையான வேலை இல்லாமல் அலைந்தவர் அவர். எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்.

நன்றாகக் காய்ந்த கருவேல மரத்தில் ஆரக்கால் இழைத்துப் பொருத்தினேன். ஒரு மாதம் கார் ஜம்மென்று ஓடியது. சித்திரை வெயிலில் பின்சக்கரம் இரண்டும் கிரீச்சிடுவதாக மாப்பிள்ளை வந்து சொன்னார். கோடையில் வண்டிச் சக்கரம் கத்தினால் கழற்றி வாய்க்காலில் போடுவோம். மரம் ஊறி உப்பி, ஆரக்கால் இறுகிவிடும். அதையே செய்தேன். இரண்டு நாள் ஊறவைத்து மாட்டியதும் சத்தம் அடங்கியது. மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரத்தைப் பற்றி அவனிடம் என்ன கேட்பது?

மறுநாள் குமுளியிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு மலை இறங்கும்போது பின்சக்கரம் ஒன்று கழன்று கார் பள்ளத்தில் உருண்டது. மாப்பிள்ளை அங்கேயே செத்துப்போனார்.

போய்ப் பார்த்தேன். மாட்டுவண்டிக்குத் தடைக்கட்டை சக்கரத்தின் வெளிவிளிம்பில் உரசும். காருக்குப் பிரேக் இரும்பை ஆரக்காலோடு சேர்த்தே முடுக்கியிருந்தார்கள். இறக்கம் முழுக்கப் பிரேக் பிடித்ததில் இரும்பு கொதித்து, ஊறிய மரத்தைச் சுண்டவைத்துவிட்டது. ஆரக்கால்கள் பல் விழுந்தமாதிரி கழன்று கிடந்தன. யாரும் பார்க்காதபோது பொறுக்கிக் காட்டுக்குள் எறிந்தேன்.

ஓட்டினவன் குடித்திருந்தான் என்று வியாபாரி சொன்னார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியபின் தங்கை என்னிடம் வந்தாள்.

“அண்ணே, அவுக குடிச்சிட்டு ஓட்டுனாகன்னு எல்லாரும் சொல்லுறாக. நீங்க அங்கன போய்ப் பாத்தீகள்ல. நெசமா?”

அவர் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. அவளுக்கும் அது தெரியும். இல்லை என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும், அவளுக்கு அவர் மானமாவது மிஞ்சும். சொன்னால், பிறகு கார் ஏன் கவிழ்ந்தது என்று கேட்பாள்.

“எனக்கென்ன ஆத்தா தெரியும்” என்றேன்.

“அப்ப இருக்கும்ணே” என்றாள். சாகும்வரை அதையே நம்பினாள்.