சத்தியவேடு பக்கம் 12:14-க்கு நிழலைத் தொலைக்கப் போன கதை

வருடத்தில் இரண்டே நாள் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேலே வந்து நிற்கும். செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழல் விழாது. நிழலில்லா நாள் என்கிறார்கள். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கும் ஊர்களுக்கு மட்டும் கிடைத்த சலுகை. டில்லிக்காரர்கள் தலைகீழாக நின்றாலும் பார்க்க முடியாது.

சென்னையில் ஏப்ரல் கடைசியில் ஒன்று, ஆகஸ்ட் நடுவில் ஒன்று. ஏப்ரலில் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மொட்டைமாடிக்குப் போனேன். கீழே குக்கர் நாலாவது விசில் அடித்ததும் 12:05-க்கு இறங்கி ஓடிவந்துவிட்டேன். நம் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போதே சூரியனுக்கு உச்சிப்பொழுது ஆகிவிடாது, அது ஊருக்கு ஊர் மாறும் என்பது மறுநாள்தான் தெரிந்தது. சென்னையில் அன்றைக்கு உச்சி 12:07. இரண்டு நிமிடம்! தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் சென்னையின் நாள் 18, திங்கட்கிழமை. ஆபீசில் ஆடிட், லீவு கேட்டால் மேனேஜர் முறைப்பார். ஆனால் ஆகஸ்டில் சூரியன் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வருகிறது. ஆகவே முப்பத்தைந்து நாற்பது கிலோமீட்டர் வடக்கே போனால் ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிடலாம். வரைபடத்தில் விரலை வைத்தேன், எல்லையைத் தாண்டி ஆந்திராவில் இருக்கும் சத்தியவேடு வந்தது. உச்சி 12:14. பக்கத்து வரதய்யபாளையத்துக்கு ஒரு இணையதளம் 16 என்கிறது, இன்னொன்று 17 என்கிறது. இருபது கிலோமீட்டருக்குள் இப்படி ஒரு குழப்பமா என்று அப்போதே மண்டை காய்ந்தது.

மாதவரத்தில் காலை 8:30-க்கு ஊத்துக்கோட்டை பஸ், 48 ரூபாய். பத்து மணிக்கு இறங்கி, ஷேர் ஆட்டோவில் 30 ரூபாய் கொடுத்து, 10:50-க்கு சத்தியவேடு. கையில் ஒரு அடி நீள பிவிசி பைப், அதைச் செங்குத்தாக நிறுத்த நூலில் கட்டிய இரும்பு நட்டு, ஒரு தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான் என் விண்வெளி ஆராய்ச்சிக் கூடம்.

பஸ் நிலையத்துக்கு எதிரே டீ குடித்தேன். மரம், மின்கம்பி இல்லாத வெட்டவெளிக்குப் போக ஆட்டோ கிடைக்குமா என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். அவர் எதிரே நின்ற ஆட்டோவைக் காட்டினார். அப்படியே மோவாயை மேலே தூக்கி, பக்கத்தில் இருந்தவரிடம் தெலுங்கில், "நின்னந்தா மப்பே. ஈரோஜு சூடாலி" என்றார்.

எனக்குத் தெலுங்கு வராது. காதில் விழுந்தது இவ்வளவுதான்: நின்ன, அந்தா, மப்பு. எதிரே நின்ன அந்தாளு மப்பு என்று நானே கோத்துக்கொண்டேன். மிச்சம் ஏதோ சூடாக. ஆட்டோவுக்கு வெளியே நின்றிருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். பெயர் முனிரத்தினம் என்றார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. வாயில் கிராம்பு வாசனை. சரிதான், காலங்கார்த்தாலேயே போட்டுவிட்டு வந்து நிற்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் மணி 11:25, வேறு ஆட்டோவும் இல்லை. போக, காத்திருக்க, வர எல்லாம் சேர்த்து 350 ரூபாய் என்று பேசி ஏறினேன். கைப்பிடியை விடவே இல்லை.

வரதய்யபாளையம் சாலையில் வண்டி ஒழுங்காகத்தான் போனது. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் ஒன்றுக்கு அழகாக ஒதுங்கி வழிவிட்டார். குடிகாரர் இப்படியா ஓட்டுவார் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

"பைப் வேலையா மேடம்? மோட்டார் எதனா ரிப்பேரா?" என்று கேட்டார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அதெல்லாம் இல்லீங்க. இன்னிக்கு 12:14-க்கு இந்தச் சுத்துவட்டாரத்துல எதுக்குமே நிழல் இருக்காது. அதைப் பாக்க வந்தேன்."

"எதுக்குமேவா? மன்சனுக்கு?"

"மனுசன், மாடு, மரம், எதுக்குமே கிடையாது."

அவர் தலையை வெளியே நீட்டி ஒரு தரம் சூரியனைப் பார்த்தார். ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். சடாரென்று பிரேக் போட்டு, நடுரோட்டில் வண்டியை வந்த வழியே திருப்பினார். என் பைப் உருண்டு வெளியே விழப் பார்த்தது.

"யோவ், எங்கய்யா போற? குடிச்சிட்டு வண்டி ஓட்டுறியா?" என்று கத்தினேன்.

"குடியா? யாரு சொன்னது?"

"டீக்கடை அம்மாதான். அந்த ஆளு மப்புன்னு!"

அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "மேடம், தெலுங்குல மப்புன்னா மேகம். நின்னன்னா நேத்து. நேத்தெல்லாம் மேகமா கீதே, இன்னிக்கு எப்டியோ பாக்கணும்னு சொல்லிக்கீது அந்த அம்மா. நான் குடிக்கிறதில்ல. பன்னெண்டு நாளா தூங்கல, கெராம்பு மென்னுக்கினுதான் ஓட்றேன். நைனாவுக்கு நெஞ்சுல ஆப்ரேசன்."

அப்படியே கூனிக்குறுகிப் போனேன். பிறகு விஷயம் வந்தது. திருப்பதியில் அவருடைய அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்து, வீட்டுக்குக் கூட்டிவந்து பன்னிரண்டு நாள். மத்தியானம் ஒரு மாத்திரை. பெரியவருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. வாசலில் நின்று தன் நிழலைக் காலடியால் அளப்பார். நிழல் காலோடு வந்து ஒட்டினால் சாப்பிட்டு மாத்திரை.

"நெழலு தெர்லன்னா ஆளு தங்காதுன்னு எங்க பக்கம் சொல்வாங்க மேடம். நைனா அத்த ரொம்ப நம்பும். ஆப்ரேசன் ஆனதுலருந்து, நான் பொழைப்பனாடா பொழைப்பனாடான்னு கேட்டுக்கினே கீது. இன்னிக்குப் பாத்து நெழலு இல்லன்னா நெஞ்சு தாங்குமா, சொல்லு. அதுகிட்ட போன் கூட இல்ல."

வாட்ச்சைப் பார்த்தேன். மணி 11:52. பூமியின் சாய்வு, சூரியனின் பாதை, நான் படித்ததெல்லாம் வாயில் வந்து முட்டியது. அதைச் சொல்லி ஒரு நோயாளியின் பயத்தை எப்படிப் போக்குவது? "வேகமா போங்க" என்று மட்டும் சொன்னேன். சத்தியவேட்டைத் தாண்டி, ஒரு வேர்க்கடலைக் கொல்லை ஓரமாக மண் பாதையில் குதித்துக் குதித்துப் போனோம். இந்த ஒரு தடவை மட்டும் மப்பு வரட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். வானம் துடைத்து வைத்தது போலப் பளிச்சென்று இருந்தது.

12:11. பெரியவர் வாசலில்தான் நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, மார்பில் வெள்ளைக் கட்டு, கையில் மாத்திரை அட்டை.

"நைனா, உள்ள போ. வெயிலு!" என்று ஓடினார் முனிரத்தினம்.

"இர்றா. நெழலு இன்னும் காலுக்கு வரல, பாத்துக்கினு கீறேன்."

மகன் கையைப் பிடித்து இழுக்க, அவர் அதை உதறிவிட்டார். என்னைப் பார்த்து, "யாரு இது? பைப்புக்காரியா?" என்றார். நான் அந்தப் பைப்பைத் தரையில் நிறுத்தி நூலைத் தொங்கவிட்டேன். பதற்றத்தில் கை அதுவாகச் செய்த வேலை. 12:13. பைப்பின் அடியில் மயிரிழை போல ஒரு கறுப்பு. பிறகு அதுவும் இல்லை. வெறும் மண். இதற்காகத்தான் நான்கு மாதம் காத்திருந்தேன், ஆனால் பார்க்கவே பிடிக்கவில்லை.

பெரியவர் பைப்பைப் பார்த்தார். குனிந்து தன் காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முனிரத்தினம் என் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், அவர் தோள் குலுங்கியது.

"அதுக்குதான் இல்ல" என்றார் பெரியவர், பைப்பைக் காட்டி. "எனக்கு கீது. பாரு, காலச் சுத்தி."

பார்த்தேன். இருந்தது! பாதம் இரண்டையும் சுற்றி, தட்டு மாதிரி ஒரு வட்டமான கறுப்பு. நான் அவசரமாக என் காலைப் பார்த்தேன், எனக்கும் இருந்தது. முனிரத்தினத்துக்கும் இருந்தது. எங்கேயும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள் வாயைப் பிளந்து நின்றேன்.

"காலுக்கிட்டயே வந்துகிச்சி. துன்ற நேரம்தான், மாத்திர போட்டுடலாமா?" என்று கேட்டார். முனிரத்தினம் சிரித்தாரா அழுதாரா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் கொண்டுவந்த கம்பங்கூழை மூன்று பேரும் குடித்தோம். பஸ் ஏற்றிவிடும்போது என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் யோசித்து யோசித்துத்தான் புரிந்தது. பைப் மேலும் கீழும் ஒரே அகலம், அதனால் அதன் நிழல் அதற்குள்ளேயே அடங்கிவிடும். மனிதனுக்குத் தோள் இருக்கிறது, பாதத்தைவிட அகலம். தோளின் நிழல் எங்கே போகும், காலைச் சுற்றித்தான் விழும். நிழலில்லா நாள் என்ற பெயரே மனிதர்களுக்குப் பொருந்தாது. இத்தனை படித்தும் இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

போக நினைக்கிறவர்களுக்கு: ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, இணையதளச் சண்டையில் தலையிடாதீர்கள். திருப்பதியிலிருந்து வருகிறவர்கள் இவ்வளவு தூரம் வரவே வேண்டாம், அங்கேயும் ஏறக்குறைய இதே நாள்தான், உங்கள் மொட்டைமாடி போதும். உச்சி நேரத்தை மட்டும் உங்கள் ஊருக்குக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பி, தண்ணீர் அவசியம். எல்லைப் பக்கம் யாராவது மப்பு என்றால் முதலில் வானத்தைப் பாருங்கள். முக்கியமாக, வழியில் பார்க்கிறவர்களிடம் "நிழல் இருக்காது" என்று சொல்லிவிடாதீர்கள். காலடிக்கு வரும் என்று சொல்லுங்கள்.

திங்கட்கிழமை ஆடிட் நடுவில் போனில் ஒரு படம் வந்தது. செருப்பில்லாத இரண்டு கால்கள், சுற்றிலும் கறுப்பு வட்டம். கூடவே முனிரத்தினத்தின் குரல்: "இன்னிக்கும் கீது மேடம். நைனாதான் உங்களுக்கு அனுப்பச் சொல்லிச்சி."