வரைபடத்தில் இல்லாத லயம்

2023 டிசம்பர் 14, வியாழக்கிழமை. பதுளையில் விடியற்காலையிலிருந்து அடைமழை. நமுனுகுல மலை முற்றாக மறைந்திருந்தது.

சுபாஜினி அம்மலைச் சரிவிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயம் எனும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் பிறந்தவர். பதுளை நகரில் புவியியல் தகவல் முறைமைகளை வடிவமைப்பது அவரது தொழில். தாம் பிறந்த தோட்டத்தின் கணினி வரைபடத்தையும் அவரே வடிவமைத்தார். அதில் லயம் வெறும் கோடன்று. தன் விபரங்களையும் விதிகளையும் தன்னுள் கொண்ட ஒரு பொருள். தோட்டத்துக்குள் பிரிவு, பிரிவுக்குள் லயம், லயத்துக்குள் குடும்பம் என அமைத்தார். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு வேறு விதமாக எண்ணத் தோன்றவில்லை. கடிதங்கூடத் தோட்டத்தின் பெயருக்குத்தானே வரும்? வெளிப்பொருளை நீக்கினால் உள்ளிருப்பவையும் நீங்கும் என்பது அவர் எழுதிய விதி.

சென்ற மாதம், விளைச்சல் குறைந்த மேற்பிரிவைத் தோட்டத்தை நடத்தும் கம்பனி கைவிட்டது, வரைபடத்திலிருந்தும் நீக்கியது. அதனுடன் லயமும் குடும்பங்களும் மறைந்தன. மலையில் அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், சுபாஜினியின் தந்தை கந்தப்பன் உட்பட.

மண்சரிவு எச்சரிக்கை, வரைபடத்திலுள்ள குடும்பங்களின் கைப்பேசிகளுக்கே செல்லும். அன்று காலை அது சென்ற பின்னர்தான் சுபாஜினி தந்தையின் பெயரைத் தேடினார். இல்லை. மீட்டெடுத்தாலும் லயத்தை வைக்க ஒரு பிரிவு வேண்டும்; நீக்கிய பிரிவைக் கம்பனி மட்டுமே திரும்பச் சேர்க்கலாம். பக்கத்துப் பிரிவில் வைத்தால், உதவிக்கு வருவோர் வேறு மலைக்குப் போவார்கள். தாம் கட்டிய சுவருக்குள் தாமே நின்றார்.

"லயத்தைப் பிரிவுலேருந்து எடுத்துத் தனியா வைக்கணும், சேர். இப்பவே."

மேலதிகாரி கனகரத்தினம் யாழ்ப்பாணத்தவர். "இப்பவோ? முழுசாக் கழட்டிப் பூட்டோணும், பிள்ளை. ஒரு கிழமை வேணும். திங்கட்கிழமை கம்பனிக்குப் படத்தை முடிச்சுக் குடுக்கிறம். அதுக்குள்ள படம் பிழையெண்டு வெளியில கதைச்சீரெண்டால் உமக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை."

கைப்பேசி ஒலித்தது. கந்தப்பன்.

"கீழ் லயத்து ஆளுக மூட்டையக் கட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுறாங்கம்மா. மெசேஜ் வந்துச்சாம். நமக்கு வரல."

"நீங்க எங்கப்பா இருக்கீங்க?"

"நம்ம லயத்துக் காம்பராவுலதான். பக்கத்துக் காம்பரா ரெங்கம்மாவும் பொட்டியத் தூக்குனுச்சு. 'சும்மா ஒக்காரு, எம்மக போட்ட படம் அது, ஆபத்துன்னா மொதல்ல அவ அப்பனுக்குத்தான் சொல்லும்'னு நாந்தான் நிறுத்தினேன். லயமே இப்ப எங்கூடத் தேத்தண்ணி குடிக்குது!"

கனகரத்தினம் சுபாஜினியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெசேஜ் வரலைன்னா நமக்கு ஆபத்து இல்லதானேம்மா?"

"இருக்குப்பா. நான் போட்ட படம் தப்பு. எல்லாரையும் கூட்டிக்கிட்டு இப்பவே எறங்குங்க."