சின்ன துரை செத்த செய்தியும் அம்மாவின் குளியலும்

யாரையும் எளிதில் நம்பாத குணம் எனக்குப் பிறவியிலேயே வந்தது என்பார்கள். பிறவியில் வரவில்லை. பதினாலு வயதில், மலாயாவில் லிங்கிப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், ஒரு காலைப் பெரட்டில் வந்தது.

விடியலில் எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. கூப்பிட்டு முடித்த கணக்குக் கிராணி, சண்டைக்குப் போன சின்ன துரை, தோட்டத்தின் வெள்ளைக்கார உதவி மேனேஜர், இறந்துவிட்டதாகச் சொன்னார். ஆகாயத்தில் பறந்துபோய்க் குண்டு போடும் விமானத்தில் இருந்தாராம். ஜெர்மன்காரன் சுட்டு வீழ்த்திவிட்டானாம். இருபத்திரண்டு வயது. விமானத்தை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

"பறக்குதாம்லா! ஊர்ல பொண்ணு கட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். நம்மகிட்ட கதை விடுறானுங்க" என்றார் கங்காணி. பாதிப் பேர் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. ரப்பர்ப் பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனாள். கட்டிய சேலையோடு மூன்று வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

எங்கள் சனத்தில் சாவுச் செய்தி கேட்டுத் தலைக்கு ஊற்றிக்கொள்வது சொந்தக்காரர்கள் மட்டும்தான். வெள்ளைக்காரனுக்கு அம்மா என்ன முறை? சாயங்காலத்துக்குள் நாங்கள் குடியிருந்த லயம் முழுக்க இதே கேள்வி. அவர் பங்களாவைப் பெருக்கித் துடைத்தவள் வேறு. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. அப்போது என் தங்கை கைக்குழந்தை, கொஞ்சம் வெளுப்பு. அவர் கப்பலேறிய மாதத்திலிருந்து பெண்கள் விரல் விட்டு எண்ணினார்கள். கணக்கில் ஒரு வருஷம் இடித்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. நான் மட்டும் என்ன ஒழுங்கு? தங்கையை வெயிலில் தூக்கிப் பிடித்துக் கண்ணின் நிறத்தைப் பார்த்தேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அப்பா ஒரே தரம்தான் கேட்டார். "அவன் உனக்கு யாரு?"

அம்மா அவருக்குச் சோறு போட்டு வைத்தாள். அன்றிலிருந்து அவள் கையால் அப்பா சாப்பிடவில்லை. நான்தான் பரிமாறினேன், எனக்குப் பின் தங்கை. ஒரே வீட்டில் பதினாறு வருஷம், அவர் கண்ணை மூடும்வரை அப்படித்தான் நடந்தது.

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள், அம்மாவைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். அப்போதுதான் சொன்னாள்.

சண்டைக்கு அவர் போவதற்கு முன்பு, ஆறு மாதப் பிள்ளையாக இருந்த என் தம்பி காய்ச்சலில் போனான். அப்பா அதே காய்ச்சலில் சிரம்பான் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். நான் புல்வெட்டில் இருந்தேன். கங்காணி காட்டிலிருந்து ஒரு ஆம்பளையையும் விடவில்லை. பெண்கள் இடுகாட்டுக்குப் போகக்கூடாது. பிள்ளையை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்த அம்மாவைச் சின்ன துரை பார்த்தார். பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்த் தானே குழி வெட்டினார். அம்மா தூரத்தில் நின்று கையைக் காட்ட, சொந்தக்காரன் போடவேண்டிய மூன்று பிடி மண்ணையும் அவரே போட்டார். அன்று காட்டைவிட்டு வரமுடியாமல், அந்த வாரமே ஊருக்குக் கப்பலேறிவிட்ட சித்தப்பா மண் போட்டதாக எங்களிடம் சொல்லிவிட்டாள் அம்மா.

எனக்குக் கோபம்தான் வந்தது. "இதை அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"எப்படிடி சொல்றது? பெத்த பிள்ளைக்கு மண்ணு போடச் சொந்தத்துல ஒரு ஆம்பள இல்லாமப் போச்சுன்னு தெரிஞ்சா, அன்னிக்கே நாண்டுக்கிட்டுச் செத்திருப்பாரு. என்னையச் சந்தேகப்பட்டுக்கிட்டாச்சும் உசுரோட இருக்கட்டும்னு விட்டுட்டேன்."