கப்பலில் வேலை பார்த்த தம்பி

பூட்டைத் திறந்து திருடியதற்காக ஏழு வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்தவனுக்கு அக்காதான் தன் வாடகை வீட்டு முன்னறையைக் கொடுத்தாள். அதே மாடியில் குடியிருந்தவர்கள் கேட்டபோதெல்லாம், "தம்பி கப்பல்ல வேலை பாத்தான்" என்று சொல்லிவைத்தாள். அவனும் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் துவைத்து, தேய்த்து, மடித்துவிட்டு, யாரிடமும் வாய் கொடுக்காமல் படியேறி வருவான். வெளியே கிளம்பும்போதுகூட அக்காவைத்தான் கதவைப் பூட்டச் சொல்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர் வீட்டுக் கதவிடுக்கில் புகை கசிந்தது. உள்ளே தையல்கார அம்மா தனியாக இருந்தாள். தட்டினால் பதில் இல்லை. இரும்புக் கதவு, மோதிப் பார்த்த பக்கத்து வீட்டு டிரைவருக்குத் தோள் வலித்ததுதான் மிச்சம். தீயணைப்பு வண்டி வர இருபது நிமிடமாகும் என்றார்கள்.

அவன் அக்காவைப் பார்த்தான்.

"வேணாம்டா," என்றாள் அவள் மெல்ல. சொல்லிக்கொண்டே கொண்டையிலிருந்து இரண்டு ஊசிகளை உருவி அவன் கையில் வைத்தாள்.

கண் மூடித் திறப்பதற்குள் கதவு திறந்தது. அடுப்படியில் மயங்கிக் கிடந்தவளை அவனே தூக்கி வந்து படியில் கிடத்தினான். இருமலோடு மூச்சு வந்தது. அதுவரை அவளைச் சூழ்ந்து நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அவன் கையைப் பார்த்தார்கள்.

"கப்பல்ல இதெல்லாமா சொல்லித் தராங்க?" என்று டிரைவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் மாலை நான்கு வீடுகளில் புதுப் பூட்டு மாட்டும் சத்தம். வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் நின்றிருந்தார்.

"உங்களச் சொல்லலம்மா. தம்பிய வேற இடம் பாத்துக்கச் சொல்லுங்க."

"அவன் போனா நானும் போறேன்," என்றாள் அக்கா.

அவன் குறுகிப்போனான். "என்னால உனக்கு ஏன்க்கா..."

"சும்மா இரு. பொய் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போச்சு."

அதன்பின் வீடு தேடிய இடங்களிலெல்லாம் அவள் உள்ளதைச் சொன்னாள். மூன்று கதவுகள் முகத்திலேயே சாத்தப்பட்டன. நான்காவது வீட்டு அம்மாள் மட்டும் நிறுத்திக் கேட்டாள்.

"இப்ப என்ன பண்றான்?"

"போர்வை மடிக்கிறான்."

ஒருநாள் யோசித்துவிட்டு, ஈரம் கசியும் கீழ்த்தள அறையைக் கொடுத்தாள். அங்கேதான் இருக்கிறார்கள். அந்தத் தெருவில் எங்கே திருட்டுப் போனாலும் போலீஸ் முதலில் அவனைத்தான் கூப்பிடுகிறது. சட்டையை மாட்டிக்கொண்டு போகிறான். அவன் திரும்பி வரும்வரை அக்கா சாப்பிடுவதில்லை.